கேட்டால்தான் துடக்கு

அத்தியாயம் 17

கபிலன் மெல்பேர்னுக்குப் போனது சரியா பிழையா என்று இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் இந்த வாரம் அதைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சிட்னியில், ஹோர்ஸ்லி பார்க்கில் நித்தியானந்தனின் தோட்டத்துக்கு அதைவிடப் பெரிய சங்கதி வந்துவிட்டது. தோட்டம் வேண்டாம், கம்பியூட்டரே போதும் என்று மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபிறகு அங்கே மிஞ்சியிருப்பது மூன்று பேர்: நித்தியானந்தன், அவர் மனைவி நாகேஸ்வரி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்யும் மகள் தர்ஷனா.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் தைப்பூசம்.

விடியற்காலையிலேயே நித்தியானந்தன் கத்தரி வரிசைக்குள் இறங்கிவிட்டார். இந்த வருஷம் கத்தரி காய்த்த காய்ப்பைச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நாகேஸ்வரி யாருக்கும் படம்கூட அனுப்பவில்லை. போன கோடையும் அதற்கு முந்தின கோடையும் ஆலங்கட்டி மழை வந்து நிழல்வலையைக் கிழித்து, செடியை மொட்டையடித்துவிட்டுப் போனது. அந்த இரண்டாவது மழைக்கு மறுநாள் அவர் நேரே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்க் கொடிமரத்தடியில் நின்று சொன்னார்: "அடுத்த முறை காய்க்கப் பண்ணு. பூசத்து அன்னதானத்துக்கு ஒரு கறிவேப்பிலைகூட வெளியாலை வாங்க விடமாட்டன். முழுக்க நான்தான்."

நேர்த்தி வைத்தாயிற்று. காய்த்தும் ஆயிற்று. இன்றைக்கு ஆய்ந்து கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி. அன்னதானக் குசினியைப் பார்க்கும் தமிழ்நாட்டுக்கார விஜயா ஒன்றுக்கு இரண்டு தரம் போன் பண்ணிச் சொல்லியிருந்தாள், நாலு மணிக்குள் காய் வந்துவிட வேண்டும், நறுக்குகிறவர்கள் வந்து காத்திருப்பார்கள் என்று.

நாகேஸ்வரி ஷெட்டில் நின்று காய் கழுவிக்கொண்டிருந்தாள். நித்தியானந்தன் தோட்டத்துக்குள் போன் கொண்டுபோவதில்லை. அவருக்கு வருவதெல்லாம் அவள் போனுக்குத்தான் வரும். தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் கிடந்த போன் மினுங்கியது. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிவாஜினி. நித்தியானந்தனின் அண்ணன் கேதீஸ்வரனின் மருமகள்.

"சின்ன மாமி, மாமா ராத்திரி மோசம் போயிட்டார். இண்டைக்கே எடுக்கினம். பத்து மணிக்குக் கிரியை தொடங்கும், பன்னிரண்டுக்கு எடுத்திடுவினம். சின்ன மாமாவிட்டைச் சொல்லுங்கோ. வீடியோவில காட்டுறன்."

நாகேஸ்வரி இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. இடது கையில் இருந்த கத்தரிக்காயைத்தான் பார்த்தாள். பிறகு அதைத் தொட்டிக்குள் போடாமல், கழுவின காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிறேற்றுக்குள்ளும் வைக்காமல், எட்டத்தில் ஒரு வாளியின்மேல் தனியாக வைத்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

துடக்கு. சாவுத் தீட்டு. கூடப் பிறந்தவர் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கோயிலுக்கு ஒரு பூவும் கொடுக்கக் கூடாது. அவருக்கு மட்டுமில்லை, அவளுக்கும், கலியாணமாகாத மகளுக்கும்தான். நேர்த்தி என்ற கதையே இல்லை.

ஆனால் நாகேஸ்வரியின் தாய்வீட்டில் வேறொரு சட்டமும் இருந்தது. கேட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு. காதில் விழாதவரை இல்லை. தாலி கட்டி முடியும்வரை சாவுச் செய்தியை அமுக்கி வைத்த கலியாணங்கள் எத்தனை! மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா செத்ததைப் பந்தி முடிந்தபிறகு சொன்னவர்களும் உண்டு. ஒருவரும் அதைப் பாவம் என்று சொன்னதில்லை. கெட்டித்தனம் என்றுதான் சொன்னார்கள்.

அவள் கணக்குப் போட்டாள். ஊரில் பத்து மணி என்றால் இங்கே பின்னேரம் மூன்றரை. பன்னிரண்டு என்றால் ஐந்தரை. நாலு மணிக்குக் காயை இறக்கினால், நாலே காலுக்குச் சொல்லலாம். பெட்டி மூடுவதற்கு முன் அவர் அண்ணன் முகத்தைப் பார்த்துவிடுவார். நேர்த்தியும் நிறைவேறும், முகமும் பார்த்ததாகும். இதில் யாருக்கு என்ன நட்டம்?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டுவிட்டாளே! அவளுக்கு இப்போது முழுத் துடக்கு. கோயிலுக்குப் போகிற ஒரு வெண்டிக்காயைக்கூட அவள் தொடக் கூடாது. யாரிடமாவது சொன்னால் அவர்களும் தொடக் கூடாது. ஆய்ந்து, கழுவி, அடுக்கி, ஏற்ற வேண்டிய நாளில் மூன்று பேரில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது.

நித்தியானந்தன் நிறைந்த கிறேற்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். அறுவடை நாளில் நாகேஸ்வரி கதிரையில் உட்கார்ந்து அவர் கண்டதில்லை. மற்ற நாளிலும் அதிகம் கண்டதில்லை.

"என்னப்பா, சுகமில்லையோ?"

"முழங்கால் நோகுது."

"எந்த முழங்கால்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ரெண்டும்."

அவர் கிறேற்றை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். "தடவிப்போட்டுச் சும்மா இரு. நான் பாக்கிறன். ஏலாத நேரத்திலை ஏன் நிக்கிறாய், முதலே சொல்லியிருக்கலாமே," என்று சொல்லிக்கொண்டே தொட்டியில் கையை விட்டுக் காய் கழுவத் தொடங்கினார்.

நாகேஸ்வரி நோகாத முழங்காலில் எண்ணெயைத் தடவினாள். அவர் ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் போய் ஒன்பது வருஷம். இந்தத் தொடரின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தகப்பன் விட்டுப்போன தோட்டக்காணியில் தன் பாதியை நித்தியானந்தன் வேற்றாளுக்கு விற்று, அந்தக் காசில்தான் ஹோர்ஸ்லி பார்க்கில் குத்தகைக்கு நிலம் எடுத்தார். தகப்பன் வெட்டின கிணறு விற்ற பாதிக்குள் போய்விட்டது. "எங்கட மண்ணை வித்துப்போட்டு ஆரோ வெள்ளைக்காரன்ரை மண்ணைக் கொத்தப் போறான்," என்று கேதீஸ்வரன் ஊரெல்லாம் சொன்னார். அது சுற்றிச் சிட்னிக்கு வந்தது.

நித்தியானந்தன் கோபத்தில் கத்துகிறவரல்ல. பேசாமல் விடுகிறவர். கத்துகிறவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவோ சுகம் என்பது நாகேஸ்வரியின் அபிப்பிராயம்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் தர்ஷனா, காயைக் குளிரில் வைக்கும் கூல் ரூமுக்குப் பின்னால் இருந்த தாயிடம் வந்து நின்றாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, பெரியப்பா செத்துப்போனாராம். ரொறொன்ரோவிலை இருந்து வினுஷா போட்டிருக்கிறாள், கசின்ஸ் குரூப்பிலை."

நாகேஸ்வரி அவள் வாயைப் பொத்துவதுபோலக் கையைக் கொண்டுபோனாள்.

"மெல்லக் கதை! அப்பா அங்காலை நிக்கிறார்."

தர்ஷனா தாயை ஏறிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு விளங்கியது. கதிரை, எண்ணெய்ப் போத்தல், இரண்டு முழங்கால், எல்லாம்.

"உங்களுக்குத் தெரியும்."

"விடியத்தான் தெரியும்."

"அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?"

"நாலு மணிக்குச் சொல்லுவன். சாமானை இறக்கின உடனை. உன்ரை அப்பா ஒரு வருஷமா இந்த நாளுக்காகத்தானே உயிரை விட்டவர்? சொன்னா ஒரு கிறேற்கூட ஏத்தமாட்டார். பெட்டி மூட முதல் முகம் பாக்கலாம். நான் யோசிச்சுத்தான் செய்யிறன்."

"அம்மா, திஸ் இஸ் நொட் யுவர் டிசிஷன்." தர்ஷனாவுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். பிறகு தானே தமிழுக்குத் திரும்பினாள். "வார்ட்டிலை ஒரு ஊசி போடுறதெண்டாலும் நாங்கள் ஆளைக் கேட்டுத்தான் போடுறது. அந்த ஆளுக்கு நல்லதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சாலும் கேட்டுத்தான். இது அவரின்ரை அண்ணை. அவரின்ரை நேர்த்தி. அவரல்லோ சொல்லவேணும், எது வேணுமெண்டு?"

"ரெண்டும் கிடைக்கேக்கை ஏன் ஒண்டைக் கேக்கவேணும்?"

இதற்குத் தர்ஷனாவிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த நேரம் நித்தியானந்தன் புடலங்காய்ப் பந்தலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை, இதைப் பார்! ரெண்டு ஆள் பிடிச்சுத் தூக்கவேணும் போலை கிடக்கு!" என்று கூப்பிட்டார். அவருடைய பல் முழுக்கத் தெரிந்தது. மகன் மெல்பேர்னுக்குப் போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் ஒருவரும் காணவில்லை.

தர்ஷனா தகப்பனுக்குக் கையை ஆட்டினாள்.

"நாலு மணி," என்றாள் தாயிடம். "அதுக்கு மேலை ஒரு நிமிஷம் பிந்தினாலும் நான் சொல்லுவன்."

"சரி. ஆனா இனி நீயும் ஒண்டையும் தொடாதை."

"வட்? ஏன்?"

"நீயும் கேட்டிட்டாய்."

ஆக, தைப்பூசத்துக்கு முதல் நாள் பகல், ஹோர்ஸ்லி பார்க்கில் ஒரு வயதுபோன மனிதர் தனியே ஒரு கோயிலுக்குரிய மரக்கறியை ஆய்ந்து, கழுவி, அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மகள் வேலையிடத்திலிருந்து போன் வந்ததென்று சொல்லி அங்குமிங்கும் நடந்தாள். பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்த நித்தியானந்தன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, தாயும் மகளும் ஸ்ரைக்கோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார். நேர்த்திச் சாமானைத் தன் கையாலேயே முழுக்க ஏற்றுவதும் ஒருவகைக்கு நல்லதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, பிறகு யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

வழக்கமாக லொறியைத் தர்ஷனாதான் ஓட்டுவாள். அன்றைக்குக் கண் மங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நாகேஸ்வரி தானும் வருகிறேன் என்று மகளையும் கூட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். கோயில் வாசலோடு நின்றுகொண்டு, அவர் இறக்கிவிட்டு வந்த கையோடு விஷயத்தைச் சொல்வது அவளுடைய ஏற்பாடு. துடக்குக்காரர் இரண்டு பேர் ஏறின வண்டியில் நேர்த்திச் சாமான் போகலாமா என்ற கேள்வி அவளுக்கும் வராமலில்லை. முன் சீட்டுக்கும் பின் தட்டுக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"பூசத்துக்கு முதல் நாள் வாசல்வரைக்கும் வந்திட்டு உள்ளுக்கு வராமல் நிக்கப் போறியோ?" என்று கேட்டார் நித்தியானந்தன்.

"படியேற ஏலாது."

"மேய்ஸ் ஹில்லிலை என்ன பழனி மலையோ இருக்கு?"

அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கம்பர்லாந்து ஹைவேயில் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றபோதும் அவருக்கு எரிச்சல் வரவில்லை. ஸ்ரியரிங்கில் விரலால் தாளம் போட்டார். நடுவில் மகள், அந்தக் கரையில் மனைவி. நாகேஸ்வரி போனை மடியில் கவிழ்த்து வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

"இஞ்சை பார் நாகேஸ்," என்றார் அவர், முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடி. "ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். சிரிக்கப் படாது."

"என்ன?"

"பூசம் முடிய அண்ணைக்கு ஒருக்கா போன் எடுக்கப் போறன்."

நடுவில் இருந்த தர்ஷனா தாயின் பக்கம் திரும்பினாள்.

"நேர்த்தி வைக்கேக்கையே நினைச்சனான். காய்ச்சால் முதல் முருகனுக்கு, அடுத்தது அண்ணையோடை கதைக்கிறது. காய்க்காட்டி என்னத்தைச் சொல்லிக் கதைக்கிறது? காணியையும் வித்து இஞ்சையும் ஒண்டும் விளையேல்லை எண்டோ? இப்பச் சொல்லலாம். ஞாயித்துக்கிழமை எடுப்பம் எண்டிருக்கிறன். அண்ணை ஏசுவர்தான். ஏசட்டுமே."

நாகேஸ்வரியின் மடியில் போன் அதிர்ந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"சின்ன மாமி, இருட்டிக்கொண்டு வருது, பெருமழை வரும் போலை. ஐயர் கெதியிலை முடிப்பம் எண்டிட்டார். வாய்க்கரிசி போடத் தொடங்கியிட்டினம். இப்பவே போன் எடுங்கோ."

கணக்கு முடிந்தது. கோயில் இன்னும் இரண்டு சிக்னல் தூரத்தில் இருந்தது. இரண்டு சிக்னல், பிறகு கிறேற் கிறேற்றாக இறக்க வேண்டும், பிறகு விஜயாவோடு நாலு வார்த்தை. வாயை இன்னும் அரை மணி நேரம் மூடிக்கொண்டிருந்தால் நேர்த்தி நிறைவேறிவிடும். அதற்குள் பெட்டியை மூடிவிடுவார்கள்.

தர்ஷனா அவள் தோளுக்கு மேலால் அந்தச் செய்தியை வாசித்துவிட்டாள். தாயின் முகத்தையே பார்த்தாள்.

"வண்டியை நிப்பாட்டுங்கோ," என்றாள் நாகேஸ்வரி.

"இதிலையோ? இது ஹைவே."

"அந்தப் பெற்றோல் ஸ்ரேஷனுக்குள்ளை விடுங்கோ. இப்ப விடுங்கோ!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுவார்த்தை பேசாமல் திருப்பினார். காற்றடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் லொறி நின்றது.

"முழங்காலோ?"

"அண்ணை மோசம் போயிட்டார். ராத்திரி. இப்ப எடுக்கப் போகினம்."

நித்தியானந்தன் எஞ்சினை நிறுத்தினார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"போனைத் தா."

சிவாஜினி உடனே எடுத்தாள். பறைச் சத்தமும் சனத்தின் இரைச்சலும் லொறிக்குள் நிறைந்தது. திரையில் யாருடையவோ முழங்கை, ஒரு வேட்டி, பந்தலின் தகரம். அதற்கிடையில் பெட்டியின் ஒரு கரை.

"சின்ன மாமா! ஏன் இவ்வளவு நேரம்? எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கினம், தம்பி எங்கை எண்டு. பொறுங்கோ, கிட்டக் கொண்டுபோறன். வழி விடுங்கோ, சிட்னிச் சின்ன மாமா!"

முழங்கைகள் விலகின. கேதீஸ்வரன் கிடந்தார். நெற்றியில் திருநீறு, வாயைச் சுற்றி அரிசி. ஒன்பது வருஷத்தில் நன்றாக மெலிந்து போயிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் மூக்கு அதே மூக்கு. அந்த மூக்கைத்தான் நித்தியானந்தனின் முகத்திலும் நாகேஸ்வரி முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா போன கிழமைகூடக் கேட்டவர்," என்று சிவாஜினி அழுதுகொண்டே சொன்னாள். "தம்பியின்ரை தோட்டம் இந்த முறை எப்பிடியாம் எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. சின்ன மாமா, ஏதும் சொல்லுறீங்களோ? ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். மூடப் போகினம்."

நித்தியானந்தன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பெற்றோல் அடித்துவிட்டுப் போகிற ஒருவன் திறந்திருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு வேகமாகப் போனான்.

"அண்ணை," என்றார். "நான் நித்தி."

பறை நின்றிருந்தது. அங்கே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாக் காய்ச்சிருக்கு அண்ணை. இந்த முறை நல்லாக் காய்ச்சிருக்கு."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போனைத் தர்ஷனா வாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூடியைத் தூக்கி வைத்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். பிறகு படம் நடுங்கி, மழைச் சத்தம் வந்து, தொடர்பு அறுந்தது.

நித்தியானந்தன் முகத்தைத் தொப்பியால் துடைத்தார். அதை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. இப்போதுதான் செய்தி வந்தது என்று சொல்லியிருக்கலாம். தர்ஷனா காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் நாகேஸ்வரிக்கு அன்றைக்கு மறைத்தது போதும் என்றிருந்தது.

"விடிய."

"விடியவோ," என்றார் அவர். அவ்வளவுதான்.

போன் மறுபடி அடித்தது. விஜயா. நித்தியானந்தனே எடுத்தார்.

"நித்தி அண்ணா, எங்க இருக்கீங்க? ஆளுங்கல்லாம் கத்தியோட உக்காந்திருக்காங்க!"

"விஜயா, என்ரை அண்ணை காலமாகிட்டார். எனக்கு இனி வரேலாது."

விஜயா பதறினாள். "ஐயோ... எப்போ? இப்பவா? அண்ணா, நீங்க எதுவும் யோசிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க. காயை நாங்க பாத்துக்கறோம், டூங்கபி கடைங்க எல்லாம் இன்னும் திறந்திருக்கும்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லன்னா ஒண்ணு பண்ணலாம் அண்ணா. அங்க ஒரு கடைக்காரர்கிட்டயே இறக்கிடுங்க. நான் அவர்கிட்ட வாங்கிக்கறேன். கடையில வாங்கறதுக்குத் தீட்டு ஏது?"

விஜயா சொன்னதில் பிழையில்லை. கடைச்சாமான் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எந்த அர்ச்சகரும் கேட்பதில்லை. லொறியில் இருக்கிற அதே கத்தரிக்காய் நாளைக்கு அதே சட்டியில் வேகும், அதே சனம் சாப்பிட்டுக் கைகழுவும். நாகேஸ்வரி ஆசையோடு கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"அது யாவாரம் விஜயா," என்றார் நித்தியானந்தன். "நேர்த்தி இல்லை. நன்றி. குறை நினைக்காதேங்கோ."

போனை வைத்துவிட்டார். இரண்டு சிக்னலுக்கு அப்பால் கோயில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. லொறியைப் பின்னுக்கு எடுத்து, வந்த வழியே விட்டார்.

போகும்போது தர்ஷனாவுக்குத்தான் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அம்மா உங்களுக்காகத்தான் அப்பிடிச் செய்தவ. உங்கட நேர்த்தி கெட்டுப்போகக் கூடாதெண்டு."

"எனக்காகச் செய்யிறதெண்டா என்னைக் கேட்டிருக்கலாமல்லோ பிள்ளை?"

"கேட்டா நீங்கள் ஏத்தியிருக்கமாட்டீங்கள்," என்று அந்தக் கரையிலிருந்து நாகேஸ்வரி சொன்னாள்.

அவர் சிக்னல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடிய நீ சொல்லியிருந்தா," என்று கொஞ்சத் தூரம் போனபின் தொடங்கினார். நாகேஸ்வரி நிமிர்ந்து இருந்தாள். ஆனால் அவர் பேசியது மகளோடுதான். "உனக்கும் தெரிஞ்சதுதானே பிள்ளை. விடிய ஆராவது சொல்லியிருந்தா, அண்ணை தனியக் கிடக்கேக்கை கதைச்சிருப்பன். சனம் சேர முதல். எனக்கு வேறை கொஞ்சமும் சொல்ல இருந்தது."

தர்ஷனா அழத் தொடங்கினாள். "சொறி அப்பா," என்றாள். அவர் இடது கையை ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து மகளின் தலையில் ஒருதரம் வைத்தார். திரும்ப எடுத்து ஸ்ரியரிங்கில் வைத்தார். அந்தக் கை அதற்கு அப்பால் போகவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் அவர் தனியாகவே கிறேற்றுகளை இறக்கினார். இப்போது எல்லாருக்கும் ஒரே துடக்கு. யாரும் எதையும் தொடலாம். நாகேஸ்வரி வெண்டிக்காய்க் கிறேற்றின் ஒரு கரையைப் பிடித்தாள். அவர் தன் கரையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கிறேற்றுக்குப் போனார். அவள் பிடித்ததை அவளே இழுத்து உள்ளே வைத்தாள். இப்படி ஆளுக்கொன்றாக, ஒரு சொல்லும் இல்லாமல், கூல் ரூம் நிறைந்தது.

பிறகு அவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயிலேயே தலைக்கு வார்த்தார். தர்ஷனா கபிலனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவன் காலைப் பிளேனில் வருவதாகச் சொன்னான். எத்தனை நாள் நிற்பான், திரும்பிப் போவானா என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் இல்லை.

நாகேஸ்வரி தலை முழுகிவிட்டுக் குசினிக்குள் போனாள். விடியத் தேத்தண்ணியோடு இறங்கின மனிதருக்கு இன்னும் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. சோறும் ஒரு பருப்புக் கறியும் வைத்தாள். கத்தரிக்காயைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. செய்தது முழுக்கப் பிழை என்று அவளுக்கு இன்னும் படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நேரத்துக்கு மழை வராமல் இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும் என்றுதான் ஒரு மனம் சொன்னது. ஆனால் "வேறை கொஞ்சமும் சொல்ல இருந்தது" என்று அவர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கொஞ்சத்தை அவள் அல்லவா தின்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவர் ஏசுவார். ஏசட்டும். ஏசினால் அத்தோடு தீர்ந்துவிடும்.

சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நித்தியானந்தன் ஈரத்தலையோடு கதிரையில் இருந்தார். தர்ஷனா எதிரே நிலத்தில் இருந்தாள். நாகேஸ்வரி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று கோப்பையை நீட்டினாள்.

"சாப்பிடுங்கோ. நான் உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும்."

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பிள்ளை," என்றார் மகளிடம், "கொம்மாவிட்டைச் சொல்லு, எனக்குப் பசிக்கேல்லை எண்டு."